கிரேக்கத் துன்பியல்: தீர்ப்புச் சொல்ல முடியாத வழக்குகள்

கேள்வி இதுதான். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய கிரேக்கத் துன்பியல் நாடகங்களை இன்றைக்கும் ஏன் படிக்கிறார்கள், ஏன் மேடையேற்றுகிறார்கள்? கதை முன்பே தெரியும், எல்லாம் விதிப்படி நடக்கிறது, கடைசியில் எல்லோரும் செத்துப்போகிறார்கள்; இதில் நமக்கு என்ன இருக்கிறது? கேட்டவர் இன்னொன்றும் சேர்த்திருந்தார்: "பாடத்தில் இருப்பதால்தான் படிக்கிறார்கள் என்று நினைக்கிறேன். தப்பா?"

பாதி சரி. பாடத்தில் வைத்ததால்தான் இவை அழியாமல் கிடைத்தன. ஏதென்ஸில் ஒவ்வொரு வசந்த காலத்திலும் டயனைசஸ் கடவுளுக்கு எடுக்கும் விழாவில் மூன்று கவிஞர்கள் போட்டியிடுவார்கள். ஆளுக்கு மூன்று துன்பியல் நாடகம், கூடவே கூத்தும் கேலியுமாக ஒரு நாடகம். வருஷத்துக்கு ஒன்பது துன்பியல் என்றால் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் மட்டும் எத்தனை நூறு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதில் முழுதாக நம் கைக்கு வந்தவை முப்பதுக்குச் சற்று மேல். எழுதியவர்கள் என்று பெயர் நிற்பது மூன்று பேருக்குத்தான்: ஏஸ்கிலஸ், சோபோகிளிஸ், யூரிப்பிடிஸ். சோபோகிளிஸ் ஏறக்குறைய 120 நாடகங்கள் எழுதியவர், மிஞ்சியது ஏழு. பிற்காலத்துப் பள்ளிக்கூடங்கள் எதைப் பாடமாக வைத்துத் திரும்பத் திரும்பப் படியெடுத்தனவோ அது தப்பித்தது. யூரிப்பிடிஸுக்கு மட்டும் கூடுதலாக ஒரு அதிர்ஷ்டம். அவருடைய நாடகங்களை அகரவரிசையில் அடுக்கிய பெருந்தொகுப்பில் ஒரு துண்டு, எப்சிலான் என்ற எழுத்திலிருந்து கப்பா வரைக்கும், எப்படியோ காலத்தின் கையிலிருந்து நழுவிவிட்டது. அதனால் எந்த வாத்தியாரும் தேர்ந்தெடுக்காத நாடகங்களும் அவர் கணக்கில் இருக்கின்றன.

ஆனால் தேர்வுக்குப் படித்ததை யாரும் சிறைக்குள் போய் நடித்துப் பார்ப்பதில்லை. நெல்சன் மண்டேலா ராபன் தீவுச் சிறையில் இருந்தபோது கைதிகள் போட்ட நாடகங்களில் ஒன்று சோபோகிளிஸின் 'ஆன்டிகனி'. அதில் அவர் நடித்தும் இருக்கிறார். எந்த வேடம் என்பதைப் பிறகு சொல்கிறேன், அது முக்கியம்.

என் பதிலைச் சுருக்கமாகச் சொன்னால்: ஏதென்ஸ் வழக்காடிப் பழகிய ஊர். அங்கே நீதிபதி என்று ஒருவர் கிடையாது. சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த நூற்றுக்கணக்கான குடிமக்கள் உட்கார்ந்து, நீர்க்கடிகாரம் ஓட ஓட இரண்டு தரப்பையும் கேட்டு, வாக்குப் போட்டு, அன்றைக்கே முடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அதே ஆட்கள்தான் அக்ரோபோலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் நாடகம் பார்க்க உட்கார்ந்தார்கள். அங்கே அவர்களுக்குக் காட்டப்பட்டது, வாக்குப் போட்டாலும் தீராத வழக்கு. அந்த வழக்குகள் இன்னும் தீரவில்லை. நாம் படிப்பது அதனால்தான்.

முதலில் விதியைக் கொஞ்சம் தள்ளி வைப்போம், இல்லாவிட்டால் மேலே போக முடியாது.

ஈடிபஸ் கதை எல்லோருக்கும் தெரியும். தந்தையைக் கொன்று தாயை மணப்பான் என்று டெல்ஃபி கோயிலில் குறி சொன்னார்கள்; அதிலிருந்து தப்பிக்க ஓடினான்; ஓடிய வழியிலேயே இரண்டும் நடந்தது. சரி. ஆனால் சோபோகிளிஸின் நாடகம் தொடங்கும்போது இதெல்லாம் நடந்து முடிந்து பல வருஷம் ஆகிவிட்டது. ஈடிபஸ் தீப்ஸ் நகரத்து அரசன், பிள்ளைகுட்டிகளோடு இருக்கிறான். மேடையில் கொலையும் இல்லை, கல்யாணமும் இல்லை. நடப்பது ஒரு விசாரணை. ஊரில் கொள்ளைநோய். முந்தைய அரசன் லாயஸைக் கொன்றவன் ஊருக்குள்ளேயே இருக்கிறான், அவனைத் துரத்தினால் நோய் தீரும் என்று குறி வருகிறது. நானே கண்டுபிடிக்கிறேன் என்கிறான் ஈடிபஸ். பார்வையற்ற ஞானி டைரீசியஸ் வேண்டாம் என்கிறார். மனைவி வேண்டாம் என்கிறாள். கிழட்டு இடையன் ஒருவன் கெஞ்சுகிறான். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. குறியில் சொன்னது நடந்தே தீர வேண்டியதாக இருக்கலாம். அதைத் தோண்டி எடுத்தது அவன் தேர்வு.

தோண்டும் விதத்தைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். மனைவி ஜொகாஸ்டா அவனுக்கு ஆறுதல் சொல்ல வருகிறாள். குறி, ஜோசியம் எல்லாம் பொய், இதோ என் கதையையே கேள். என் முதல் கணவர் லாயஸ் சொந்த மகன் கையால் சாவார் என்றார்கள், கடைசியில் என்ன ஆயிற்று, மூன்று சாலை கூடும் இடத்தில் யாரோ கொள்ளைக்காரர்கள் கொன்றார்கள். அவள் நோக்கம் ஆறுதல். ஈடிபஸ் காதில் விழுந்தது 'மூன்று சாலை' மட்டும். எந்த இடம், எப்போது, ஆள் எப்படி இருப்பார், கூட எத்தனை பேர் போனார்கள் என்று அடுக்கடுக்காகக் கேட்கிறான். முன்பு ஒருநாள் மூன்று சாலை கூடும் இடத்தில் ஒரு கிழவரை அடித்துக் கொன்றவன் அவன். ஒரே ஒரு நூல்தான் மிச்சம். அந்தச் சண்டையில் தப்பி வந்த வேலைக்காரன், கொள்ளைக்காரர்கள் என்று பன்மையில் சொல்லியிருக்கிறான். ஒருவன் பலராக முடியாதே என்கிறான் ஈடிபஸ். ஒரு மனிதனின் மொத்த வாழ்க்கையும் 'கொன்றானா, கொன்றார்களா' என்ற விகுதியில் தொங்குகிறது. துப்பறியும் கதை எழுதுபவர்கள் எவ்வளவோ தந்திரம் செய்திருக்கிறார்கள். இதைவிடச் சின்ன ஆணியில் இவ்வளவு பெரிய பாரத்தை மாட்டியவரை நான் பார்க்கவில்லை.

அப்புறம் கொரிந்த் நகரத்திலிருந்து ஒரு தூதன் நல்ல செய்தியோடு வருகிறான். உங்கள் அப்பா இயற்கையாகவே செத்துவிட்டார், கவலை விட்டது. பேச்சுவாக்கில், அவர் உங்களைப் பெற்றவரே இல்லை, லாயஸின் இடையன் ஒருவன் கையிலிருந்து உங்களை வாங்கிக் கொடுத்தவன் நான்தான் என்கிறான். ஜொகாஸ்டா பக்கத்திலேயே நிற்கிறாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. நமக்கு எப்போதோ தெரியும். ஈடிபஸுக்கு மட்டும் இன்னும் புரியவில்லை. தான் ஏழைக்குப் பிறந்தவன் என்று தெரிந்துவிடுமோ என்று மனைவி வெட்கப்படுகிறாள் என நினைக்கிறான். மேலே விசாரிக்காதே என்று கெஞ்சிவிட்டு அவள் உள்ளே போகிறாள். உயிரோடு அவளை நாம் பார்ப்பது அத்தோடு சரி. பிறகு அந்த இடையனைப் பிடித்து வந்து மிரட்டும்போது அவன் சொல்கிறான், ஐயோ, சொல்லக் கூடாததைச் சொல்லும் விளிம்புக்கு வந்துவிட்டேன். ஈடிபஸ் பதில்: நானும் கேட்கக் கூடாததைக் கேட்கும் விளிம்பில் நிற்கிறேன்; ஆனாலும் கேட்டாக வேண்டும்.

'கதை முன்பே தெரியும்' என்பது குறையாகச் சொல்லப்பட்டது. இந்த நாடகம் ஓடுவதே அந்தத் தெரிதலில்தான். பரிசோதனை முடிவுக்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு, தெரிய வேண்டும் என்பதும் தெரியவே கூடாது என்பதும் ஒரே நேரத்தில் ஒரே நெஞ்சில் எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. (உளவியலாளர் ஃபிராய்டு இந்த நாடகத்தை எடுத்துக்கொண்டு, மகனுக்குத் தாய்மேல் உள்ள ஆசை என்று வேறு திசையில் போனார். அதைப் பற்றி ஒன்றே ஒன்று: நாடகத்து ஈடிபஸ் தன் அம்மா என்று நம்பியவளிடமிருந்து தப்பிக்கத்தான் ஊரைவிட்டே ஓடினான்.)

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் இன்னொரு பதிலையும் மனப்பாடம் செய்திருப்பார்கள். துன்பியல் நாயகனிடம் ஒரு குறை இருக்கும், பெரும்பாலும் அகந்தை, அதனால் வீழ்வான். அரிஸ்டாட்டில் தலையில் இதைக் கட்டிவிடுவார்கள். அவர் பயன்படுத்திய சொல் ஹமார்ட்டியா. வில்லாளி குறி தவறுவதைச் சொல்லும் வினையிலிருந்து வந்தது. அதில் குணக்கேடு என்ற பொருளைவிடப் பிழை என்ற பொருள்தான் ஓங்கி நிற்கிறது: தெரியாமல் செய்த தவறு, கணக்குப் பிசகு. குறை என்று படித்தால் நாம் பாதுகாப்பாக உட்கார்ந்துகொள்ளலாம். நமக்கு அந்தக் குறை இல்லையே. பிழை என்று படித்தால் அந்த நிம்மதி போய்விடும். பத்து மதிப்பெண்ணுக்கு முதலாவது வசதி.

சரி, வழக்குக்கு வருவோம். 'ஆன்டிகனி'.

ஈடிபஸின் இரண்டு மகன்கள் அரியணைக்காகச் சண்டையிட்டு ஒருவரை ஒருவர் கொன்றுகொண்டார்கள். ஒருவன் ஊரைக் காத்து நின்றவன். இன்னொருவன், பாலினைசீஸ், அந்நியப் படையைக் கூட்டிவந்து சொந்த ஊரைத் தாக்கியவன். புதிதாகப் பொறுப்பேற்ற மாமன் கிரியோன் ஆணை போடுகிறான்: காத்தவனுக்கு மரியாதையோடு அடக்கம், தாக்கியவன் பிணம் நாய்க்கும் பறவைக்கும். தங்கை ஆன்டிகனி, அண்ணன் பிணத்தின் மேல் மண் தூவுகிறாள். மரண தண்டனை: உயிரோடு குகையில் வைத்து அடைப்பது.

பெரும்பாலானவர்கள் இதைக் கொடுங்கோலனை எதிர்த்த வீரப்பெண் கதையாகப் படிக்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் படித்தேன். ஆனால் ஏதென்ஸின் சட்டத்திலேயே துரோகிகளை நாட்டு எல்லைக்குள் புதைக்கத் தடை இருந்தது. கிரியோன் வாயைத் திறந்ததும் பார்வையாளர்கள் 'என்ன அநியாயம்' என்று துள்ளியிருக்க மாட்டார்கள். நாடகம் வந்து நூறு வருஷம் கழித்து, கி.மு. 343இல், டெமஸ்தனிஸ் என்ற பெரும் பேச்சாளர் எதிரியான ஏஸ்கினிஸ் மீது வழக்குத் தொடுத்தபோது, கிரியோனின் முதல் பேச்சை நீதிமன்றத்தில் வாசிக்கச் சொல்கிறார். எதற்கு? ஊரைவிட நண்பன் பெரியவன் என்று நினைப்பவன் எதற்கும் உதவாதவன் என்ற வரிகள் நல்ல ஆட்சியாளனுக்கு இலக்கணம் என்று காட்டுவதற்கு. அந்த ஏஸ்கினிஸ் முன்னாள் நடிகர், கிரியோன் வேடம் போட்டவர். நீயே மேடையில் பேசிய வசனத்தை நீயே மறந்துவிட்டாயே என்று குத்துகிறார். வில்லன் வசனத்தை யாரும் தன் கட்சிக்குச் சாட்சியாகக் கொண்டுவர மாட்டார்கள்.

ஆன்டிகனியும் தேவதை இல்லை. உதவ முதலில் பயந்து, பிறகு கூடவே சாகிறேன் என்று வரும் சொந்தத் தங்கை இஸ்மினியை ஈரமில்லாமல் உதறுகிறாள். சாகப் போகும் வழியில் அவள் சொல்லும் வாதம் ஒன்று படித்தவர்களைப் பல காலமாகத் தொந்தரவு செய்திருக்கிறது. கணவன் செத்தால் வேறு கணவன் கிடைப்பான், பிள்ளை செத்தால் இன்னொரு பிள்ளை பெறலாம், அப்பாவும் அம்மாவும் போன பிறகு இன்னொரு அண்ணன் எனக்குப் பிறக்க மாட்டான். கணவனுக்காகவோ பிள்ளைக்காகவோ என்றால் இதைச் செய்திருக்க மாட்டேன் என்கிறாள். கொள்கை வீராங்கனை பேசுகிற பேச்சா இது? ஜெர்மானியக் கவிஞர் கெத்தே இந்த வரிகள் இடைச்செருகலாக இருந்தால் தேவலை என்று ஆசைப்பட்டார். எனக்கு அவை இருப்பதுதான் பிடித்திருக்கிறது. சாவின் முன்னால் நிற்கிற ஒரு இளம்பெண்ணுக்குத் தெய்வச் சட்டம், மனிதச் சட்டம் என்ற பெரிய வார்த்தைகளெல்லாம் உதிர்ந்து, அண்ணன் மட்டும் மிஞ்சுகிறான்.

கிரியோன் கடைசியில் மனம் மாறுகிறான், அதுதான் கொடுமை. ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள்: முதலில் குகைக்குப் போய்ப் பெண்ணை விடுவி, பிறகு பிணத்துக்குச் சமாதி எழுப்பு. அவன் வரிசையை மாற்றிவிடுகிறான். முதலில் பிணத்தைக் கழுவி, எரித்து, மண்மேடு கட்டி, அதன் பிறகு குகைக்குப் போகிறான். போய்ச் சேர்ந்தபோது அவள் தூக்கில் தொங்குகிறாள். அவளுக்கு நிச்சயித்திருந்த கிரியோனின் மகன் அங்கேயே தன்னைக் குத்திக்கொள்கிறான். செய்தி கேட்டு மனைவியும் சாகிறாள். தப்பைத் திருத்தப் போனவன், திருத்தும் வேலையைக் கிரமமாகச் செய்யப்போய்த் தாமதித்துவிட்டான். அலுவலகங்களில் கோப்பு நகர்வதைப் பார்த்தவர்களுக்கு இந்த இடம் வயிற்றைப் பிசையும்.

இப்போது மண்டேலா. ராபன் தீவில் அவர் போட்ட வேடம் கிரியோன். ஆன்டிகனி எங்கள் போராட்டத்தின் அடையாளம், அநியாயச் சட்டத்தை மீறிய விடுதலைப் போராளி என்று தன் வரலாற்றில் எழுதியவர், நின்று பேசியது ஆட்சியாளன் பக்கத்து வசனங்களை. சட்டம் போடும் கையின் வாதத்தை அதன் முழு பலத்தோடு வாயில் வைத்துப் பேசிப் பார்த்த ஒருவர் பிறகு நாட்டின் அதிபரானார். இதே நாடகம் 1944இல் ஜெர்மானியர் பிடியிலிருந்த பாரிஸில் பிரெஞ்சு நாடகாசிரியர் ழான் அனூயி எழுதிய வடிவத்தில் மேடையேறியது, தணிக்கையும் அனுமதித்தது. அதில் கிரியோன் பேசுவதும் அவ்வளவு நியாயமாகக் கேட்கும்.

இதே நாடகத்தில், மேடையில் நிற்கும் ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து பாடும் ஒரு புகழ்பெற்ற குழுப்பாடல் உண்டு. மனிதன் கடலைக் கடக்கிறான், நிலத்தை உழுகிறான், பறவையைப் பிடிக்கிறான், மொழியைக் கற்றான், சாவுக்கு மட்டும் மருந்தில்லை என்று போகும். முதல் வரியில் 'டெய்னோஸ்' என்ற சொல். மொழிபெயர்ப்பாளர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள். 'அற்புதமானவை பல, மனிதனைவிட அற்புதமானது எதுவும் இல்லை' என்று போட்டால் மனிதனுக்குப் பாராட்டு விழா ஆகிவிடும். 'கொடியவை பல' என்று போட்டால் சாபம் ஆகிவிடும். கிரேக்கச் சொல்லில் இரண்டும் இருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்குத் திண்டாடுகிறார்கள். தமிழில் நாம் தினமும் வாயில் போட்டு மெல்லும் ஒரு சொல் இருக்கிறதே: பயங்கரம். 'பயங்கரமாப் பாடினான்' என்றால் பாராட்டு, 'பயங்கரமான விபத்து' என்றால் நடுக்கம், 'பயங்கரமான ஆளுய்யா' என்றால் எது என்று சொன்னவருக்கே தெரியாது. பயங்கரமானவை பல உண்டு, மனிதனைவிடப் பயங்கரமானது எதுவும் இல்லை. மேடைத் தமிழில் இதைப் போட்டால் சிரித்துவிடுவார்களோ என்ற பயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் சொல் அதுதான்.

அடுத்து, எதிரி. இந்த விஷயத்தில்தான் இவர்கள் என்னை அசர வைக்கிறார்கள்.

முழுதாகக் கிடைத்த நாடகங்களில் மிகப் பழையது ஏஸ்கிலஸின் 'பாரசீகர்கள்', கி.மு. 472. அதற்கு எட்டு வருஷம் முன்புதான் பாரசீகப் படை ஏதென்ஸுக்குள் நுழைந்து அக்ரோபோலிஸ் கோயில்களை எரித்தது. சலாமிஸ் கடற்போரில் கிரேக்கர்கள் அதை முறியடித்தார்கள். ஏஸ்கிலஸே அதற்கு முன்பு பாரசீகருக்கு எதிரான மாரத்தான் போரில் சண்டையிட்டவர். பார்வையாளர்களில் பலர் சலாமிஸில் துடுப்புப் போட்டவர்கள். உட்கார்ந்திருந்த சரிவுக்கு மேலே எரிந்த கோயில்கள் இன்னும் அப்படியே கிடந்தன. இன்று நாம் அங்கே பார்க்கும் பார்த்தினான் கோயிலைக் கட்டத் தொடங்கியது 447இல். அந்த இடத்தில், அந்த ஆட்களுக்கு முன்னால், அவர் போட்ட நாடகம் எங்கே நடக்கிறது? பாரசீகத் தலைநகரில். மகன் வருவான் என்று காத்திருக்கும் தாய், சேதி கேட்டுக் கதறும் கிழவர்கள், கிழிந்த உடையோடு திரும்பும் அரசன் செர்க்ஸஸ். செத்த பாரசீகத் தளபதிகளின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. ஒரு கிரேக்கனின் பெயர்கூட நாடகத்தில் இல்லை. வெற்றிப் பெருமிதம் இல்லாமல் இல்லை, கடற்போர் வர்ணனையில் அது கொப்பளிக்கிறது. ஆனாலும் அழுவது எதிரியின் வீட்டில் இருந்துகொண்டு. முதல் பரிசும் கொடுத்தார்கள். நேற்றுத்தான் ஊரை எரித்தவனின் அம்மாவை வைத்து நாடகம் போட்டு, ஊரே உட்கார்ந்து பார்க்க இன்று எந்த நாட்டில் முடியும் என்று யோசித்துப் பாருங்கள்.

தங்கள் துக்கத்தை அவர்களாலும் தாங்க முடியவில்லை என்பதும் உண்மை. அதற்கு முன்பு ஃபிரினிகஸ் என்பவர், ஏதென்ஸுக்கு உறவான மிலேட்டஸ் நகரம் பாரசீகர் கையில் விழுந்ததை நாடகமாகப் போட்டார். அரங்கமே அழுதது. சொந்தக் காயத்தைக் கிளறியதற்காக அவருக்கு 1000 டிராக்மா அபராதம் போட்டு, நாடகத்தையும் தடை செய்தார்கள் என்று வரலாற்றாசிரியர் ஹெரோடோடஸ் எழுதியிருக்கிறார்.

யூரிப்பிடிஸின் 'ட்ராய் நகரப் பெண்கள்' கி.மு. 415. இதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் மெலோஸ் என்ற சிறிய தீவை ஏதென்ஸ் முற்றுகையிட்டுப் பிடித்திருந்தது. எங்களை விட்டுவிடுங்கள், நடுநிலையாக இருக்கிறோம் என்று கேட்ட தீவு. பிடிபட்ட ஆண்களைக் கொன்றார்கள்; பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றார்கள். மெலோஸை மனத்தில் வைத்துத்தான் யூரிப்பிடிஸ் எழுதினாரா என்று அறிஞர்கள் மல்லுக்கட்டுகிறார்கள்; எழுதி ஒத்திகை பார்க்க நேரம் போதாது என்பது ஒரு கட்சி. எனக்கு அது பெரிய கேள்வியாகப் படவில்லை. எழுதியவர் நினைத்தாரோ இல்லையோ, பார்த்தவர்களுக்கு ஞாபகம் வராமலா இருந்திருக்கும்? இன்னொன்று: விழாவில் நாடகங்களுக்கு முன்னால், போரில் செத்தவர்களின் பிள்ளைகள், ஊர் செலவில் வளர்ந்தவர்கள், கவசம் போட்டு அரங்கில் நடந்துவருவார்கள். நம் வீரர்களின் பிள்ளைகள் என்று ஊர் பெருமைப்படும். அந்த மேடையில்தான் எதிரி வீரனின் பிள்ளையைப் பற்றி இந்த நாடகம்.

கிரேக்கர்களோடு நடந்த போரில் ட்ராய் விழுந்துவிட்டது. ஆண்கள் எல்லோரும் செத்தார்கள். பெண்கள் யார் யாருக்கு அடிமை என்று சீட்டுப் போட்டுப் பிரிக்கப்படக் காத்திருக்கிறார்கள். டால்திபியஸ் என்ற கிரேக்கத் தூதன் வந்து வந்து செய்தி சொல்கிறான். மாவீரன் ஹெக்டரின் சின்னப் பையன் அஸ்டியானக்ஸை மதில்மேலிருந்து தூக்கிப் போட முடிவு செய்திருக்கிறார்கள், வளர்ந்தால் பழிவாங்குவான் என்று. தாயிடம் அதைச் சொல்ல வந்தவனுக்கு வாய் வரவில்லை. இரக்கமில்லாத எவனாவது பார்க்க வேண்டிய வேலை இது என்கிறான். பிறகு பிணத்தைக் கொண்டுவருகிறான், ஹெக்டரின் கேடயத்தின் மேல் கிடத்தி. தாயைக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். அடக்கம் செய்யப் பாட்டி ஹெக்குபாதான் இருக்கிறாள். அவன் சொல்கிறான்: உங்களுக்கு ஒரு வேலையைக் குறைத்துவிட்டேன், ஆற்றைக் கடக்கும்போது பையனின் காயங்களைக் கழுவிவிட்டேன்.

கொல்லும் பக்கத்து ஆள் அவன். ஆணையை நிறைவேற்றிய ஆள். ஆற்றில் இறங்கிக் கழுவியவனும் அவன். அவனை என்ன செய்வது? குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினால் எந்தப் பக்கம் வாக்குப் போடுவீர்கள்?

பாட்டி கேடயத்தைப் பார்க்கிறாள். கைப்பிடியில் மகனின் பிடி பதிந்த தடம் இருக்கிறது. விளிம்பில், சண்டையின்போது தாடையை அழுத்தி அழுத்தி நின்றபோது நெற்றியிலிருந்து வழிந்த வியர்வையின் கறை. அதோடு பேசுகிறாள். இந்தக் கல்லறையில் ஒரு கவிஞன் என்ன எழுதுவான்? இந்தக் குழந்தையைக் கிரேக்கர்கள் பயந்துபோய்க் கொன்றார்கள் என்றா? கிரேக்க மேடையில், கிரேக்கப் பார்வையாளர்களிடம், கிரேக்க மொழியில் கேட்கிறாள். 2013இல் சிரியாவிலிருந்து தப்பி ஜோர்டானில் தஞ்சம் புகுந்த பெண்கள் சிலர் சேர்ந்து, தங்கள் சொந்தக் கதைகளையும் கலந்து இந்த நாடகத்தை அம்மானில் மேடையேற்றினார்கள். அவர்களுக்கு யாரும் அடிக்குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அதேபோல அமெரிக்காவில் பிரையன் டோரிஸ் என்பவர் 2008 முதல் சோபோகிளிஸின் 'ஏஜாக்ஸ்' நாடகத்தைப் படைவீரர்கள் முன்னால் வாசிக்க வைக்கிறார். போரில் மனம் உடைந்து, மாயையில் ஆடுமாடுகளை எதிரிகள் என்று வெட்டித் தள்ளி, தெளிந்த பிறகு அவமானம் தாங்காமல் தன் வாள்மீதே விழுந்து சாகும் வீரனின் கதை. வாசித்து முடித்ததும் அரங்கிலிருந்து வீரர்களும் அவர்கள் மனைவிகளும் பேசுகிறார்கள். ஏஜாக்ஸ் போரில் பிடித்துவந்து துணைவியாக்கிக்கொண்ட டெக்மெஸ்ஸா கூடாரத்துக்குள் என்ன நடந்தது என்று விவரிக்கும் இடம், வீட்டுக்குத் திரும்பி வந்த புருஷனைப் பார்த்துப் பயந்த எந்தப் பெண்ணுக்கும் பழக்கமான பேச்சு. சோபோகிளிஸ் தளபதியாகவும் பதவி வகித்தவர் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

யூரிப்பிடிஸின் 'மெடேயா' பற்றிச் சொல்லாமல் விட்டால் யாராவது சண்டைக்கு வருவார்கள். கணவனுக்காக அப்பனையும் ஊரையும் விட்டு வந்த அந்நிய நாட்டுப் பெண். அவன் இப்போது ராஜா மகளைக் கட்டிக்கொண்டுவிட்டான். அவள் ஊர்ப் பெண்களிடம் பேசுகிறாள்: நாம் பணத்தைக் கொட்டிக் கொடுத்துப் புருஷனை வாங்குகிறோம், வாங்கியவன் நம் உடம்புக்கு எஜமான் ஆகிவிடுகிறான். ஆண்கள் போருக்குப் போகிறோம் என்று பீற்றிக்கொள்கிறார்களே, ஒரு பிள்ளை பெறுவதற்குப் பதில் மூன்று தடவை கேடயம் ஏந்திப் போர்முனையில் நிற்பேன். எழுதியது ஆண், நடித்தது ஆண், கி.மு. 431. நாம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே போவோம். கொஞ்ச நேரத்தில் அவள் புருஷனைப் பழிவாங்கப் பெற்ற பிள்ளைகளையே கொல்கிறாள். ஆட்டிய தலையை என்ன செய்வது என்று தெரியாது. தண்டனையும் இல்லை, சூரியனின் தேரில் ஏறிப் போய்விடுகிறாள். போட்டியில் யூரிப்பிடிஸுக்குக் கடைசி இடம். 'ட்ராய் நகரப் பெண்கள்' இரண்டாம் இடம். 'ஈடிபஸ்' இருந்த தொகுப்புக்கும் இரண்டாம் பரிசுதான். முதல் பரிசு வாங்கியவரின் நாடகம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நடுவர்களைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைத் தவிர வேறென்ன சொல்ல.

எல்லாம் மாணிக்கம் என்று சொல்ல மாட்டேன். ஏஸ்கிலஸின் சில நாடகங்களில் குழுப்பாடல் பக்கம் பக்கமாகப் போகும். இசையும் ஆட்டமும் நமக்குக் கிடைக்காததால், பாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கச்சேரியைக் கற்பனை செய்கிற கதைதான். யூரிப்பிடிஸ் சில இடங்களில் முடிச்சை அவிழ்க்கச் சோம்பல்பட்டுக் கடவுளைக் கயிற்றில் இறக்கிவிடுவார். அடிமைத்தனத்தைப் பற்றி அவர்கள் பேசுவதும் பேசாமல் விடுவதும் இன்று உறுத்தும். உறுத்தட்டும்.

படிக்க நினைப்பவர்களுக்கு: ஒரு நாடகம் ஆயிரத்து ஐந்நூறு வரி அளவுதான், ஒரு மாலையில் முடித்துவிடலாம். கதைச் சுருக்கத்தை முதலில் தெரிந்துகொண்டு தொடங்குங்கள், ஏதென்ஸ்காரர்களும் அப்படித்தான் வந்து உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் ஒற்றை வரிகளில் மாறி மாறி வெட்டிக்கொள்ளும் இடங்களை வீட்டில் யாரையாவது எதிரில் உட்கார வைத்து வாய்விட்டுப் படியுங்கள். 'ஈடிபஸ்', அப்புறம் 'ஆன்டிகனி', பிறகு 'ட்ராய் நகரப் பெண்கள்' என்று போகலாம்.

கடைசியில் எல்லோரும் செத்துப்போகிறார்கள் என்ற குறைக்குப் பதில் 'ஃபிலாக்டிடீஸ்'. சோபோகிளிஸ் எண்பது வயது தாண்டி, கி.மு. 409இல் போட்டு முதல் பரிசு வாங்கியது. பாம்பு கடித்துப் புண் அழுகி, நாற்றமும் அலறலும் தாங்காமல் சொந்தப் படையே ஆளில்லாத தீவில் விட்டுப்போன ஒருவன். பல வருஷம் கழித்து அவனுடைய வில் இல்லாமல் ட்ராய் போரை ஜெயிக்க முடியாது என்று தெரிகிறது. நைசாகப் பேசி வில்லை வாங்கி வரச் சொல்லி படைத்தலைவன் ஒடிசியஸ் ஒரு இளைஞனை அனுப்புகிறான், மாவீரன் அகிலிஸின் மகன். பையன் பொய் சொல்கிறான், நோயாளி நம்புகிறான், வலி வந்து துடிக்கும்போது பத்திரமாக வைத்துக்கொள் என்று தானே வில்லைக் கொடுத்துவிடுகிறான். நினைத்த காரியம் முடிந்தது, கிளம்ப வேண்டியதுதான். பையன் கிளம்பாமல் வில்லைக் கையில் வைத்துக்கொண்டு, நான் இப்போது என்ன செய்வேன் என்று கேட்டபடி நிற்கிறான். அந்த இடத்திலிருந்து மேலே நீங்களே படித்துக்கொள்ளுங்கள். அந்த நாடகத்தில் ஒருவரும் சாவதில்லை.